பை உள்ளே, பிள்ளை வெளியே

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவில் எங்களுடைய முதல் நாளுக்காக ஒஸ்லோவிலேயே ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். இடது பக்கம் பார்க்க வேண்டிய இடங்கள், வலது பக்கம் லியாவின் சாப்பாட்டு நேரமும் நித்திரை நேரமும். நீரூற்றுக்கு நேரே பழக்கூழ். பழைய சந்தைக்கு நேரே மத்தியான நித்திரை, ஒன்றரை மணித்தியாலம். துறைமுகத்துக்கு நேரே பால். லியாவுக்குப் பதினொரு மாதம். பட்டியலை அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

உண்மையில் நாங்கள் ஊர் சுற்ற வந்தவர்கள் அல்லர். என் கணவர் ஜூட்டின் பெரியப்பா மகள் பிலோமினா இருபத்திரண்டு வருடமாகப் பலேர்மோவில் இருக்கிறார். அவருடைய மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் நன்மை விழா. அதற்கென்று வந்த இடத்தில் இரண்டு நாள் மிச்சமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, எனக்கு மச்சாள் முறையான பிலோமினா வேலைக்குப் புறப்பட்டு வாசலில் நின்றார். நகரத்தின் மறுபக்கத்தில் சிஞ்ஞோரா என்று அழைக்கப்படும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் சமையல், துப்புரவு, இஸ்திரி எல்லாம் அவர்தான்.

“நிரோ, இது ஒஸ்லோ இல்லை. பையை முன்னுக்குப் போடும். முதுகுப் பக்கம் போட்டால் அது உம்மடை பை இல்லை,” என்றார். “பாஸ்போட்டைத் தம்பியிட்டைக் குடாதையும். அவன் வாய் பாத்துக்கொண்டு நிப்பான்.”

“அக்கா, எனக்கு முப்பத்தாறு வயசு,” என்றார் ஜூட்.

“அதுதானே சொல்லுறன். இனித் திருந்த மாட்டாய்.”

நான் சொன்னதைச் செய்கிற ஆள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். பையை நெஞ்சோடு அணைத்து, வாரை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். அதற்குள் மூன்று பாஸ்போட், அவற்றின் பிரதிகள், லியாவின் தடுப்பூசி அட்டை, அதன் பிரதி. இரண்டாவது பிள்ளையைச் சுமப்பது போலவே இருந்தது. முதலாவது பிள்ளை தள்ளுவண்டிக்குள் தன் கால்விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தது.

மச்சாளின் வீடு அல்பெர்கேரியாவில், சந்தைக்கு மேலே நான்காம் மாடி. மின்தூக்கி இல்லை. வண்டியை ஜூட் தலையில் தூக்கி இறக்கினார். பனியில் ஓடுவதற்கென்று செய்த வண்டி அது. பெரிய சில்லுகள், தடித்த கூரை. பலேர்மோவின் ஒழுங்கைகளில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தடவை நின்று யோசித்தது. இரண்டு பக்கமும் கத்தரிக்காய், வாள்மீன் தலை, சோற்று உருண்டை பொரிக்கும் மணம், தலைக்கு மேலே காயும் படுக்கை விரிப்புகள். பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரன் ஹோர்ன் அடிக்கவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்து, லியாவோடு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு, சுவரை உரசிக்கொண்டு போனான்.

பெரிய தெருவைக் கடப்பதற்குத்தான் நேரம் எடுத்தது. ஒஸ்லோவில் வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்தாலும் கார்கள் நின்றுவிடும். இங்கே நாங்கள் கோட்டின் முனையில் ஒழுங்காக நின்றோம். கார்களும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. பத்து நிமிடம் இருக்கும். ஊன்றுகோல் பிடித்த ஒரு கிழவி வந்தார். ஒரு பக்கமும் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டு இறங்கினார். நான்கு கார், ஒரு பேருந்து, எல்லாம் நின்றன. நாங்கள் அவருக்குப் பின்னால் ஓடினோம்.

“பாத்தீரே, சட்டம் அவவின்ரை கையிலை இருக்கு,” என்றார் ஜூட்.

அடுத்த பிரச்சினை லியாவின் கால். வெயில் நன்றாக இருந்தபடியால் காலுறையைக் கழற்றியிருந்தேன். ரொட்டி சுடும் பாண் கடைக்கு முன்னால் ஒரு பெண் குனிந்து அந்தக் காலைப் பிடித்தார். பிடித்தபடியே என்னை ஏதோ கேட்டார். மொழி தெரியாவிட்டாலும் கேள்வி விளங்கியது. காலுறையைப் போட்டேன். ஐம்பது அடி தள்ளி இன்னொரு பெண் காலைத் தொட்டு, வியர்த்திருப்பதைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். கழற்றினேன். தேவாலய வாசலில் மூன்றாவது பெண் தன்னுடைய சால்வையையே எடுத்துக் காலைச் சுற்றினார். ஒஸ்லோவில் என் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பவர்கள்கூட என்னிடம் அனுமதி கேட்பதுபோல் சிரிப்பார்கள். இங்கே பிள்ளை எல்லோருக்கும் பொது, அதைக் கொஞ்சம் பிழையாக வளர்க்கும் பொறுப்பு மட்டும் என்னுடையது என்று தோன்றியது.

நீரூற்றைப் பார்த்தோம். சுற்றிலும் உடுப்பில்லாத சிலைகள். “இதுக்கு முன்னாலை நிண்டு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்ப ஏலாது,” என்று ஜூட் கவலைப்பட்டார். லியா நித்திரை கொள்ளவில்லை. பழக்கூழைத் துப்பினாள்.

அங்கிருந்து பட்டியலில் இருந்த பழைய சந்தைக்குப் போக ஒரு முச்சக்கர வண்டி நின்றது. “இஞ்சை பாரும், எங்கடை ஓட்டோ!” என்று ஜூட் சத்தம் போட்டதில் சாரதி இறங்கி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். வண்டிக்குள் நாங்கள் ஏறலாம், தள்ளுவண்டி ஏறாது. சாரதிக்கு அது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. ஜூட்டின் மடியில் தள்ளுவண்டியை ஏற்றி, அதன் இரண்டு சில்லு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக எடுத்தார். நான் லியாவை ஒரு கையாலும் பையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு செபமாலை சொன்னேன். மூன்றாவது அருள்நிறை மரியேயில் இறங்கும் இடம் வந்துவிட்டது.

வுச்சீரியா என்ற அந்தப் பழைய சந்தையில் நிழல் இருந்தது. அந்த நிழலுக்குள் வண்டியை விட்டதும், விடியற்காலை ஐந்தரையிலிருந்து நித்திரையோடு சண்டை பிடித்த லியா, ஒரு நொடியில் தோற்றுப்போனாள். பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்த நொடியின் பெறுமதி தெரியும். அதற்குப் பிறகு யாராவது இருமினாலும் அவர்களை வெறுக்கத் தோன்றும்.

எங்களுக்குப் பசி. முன்னால் ஒரு சாப்பாட்டுக் கடை. மூன்று படி, ஒடுங்கிய கதவு. வண்டி உள்ளே போகாது.

இந்த இடத்தில் நான் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒஸ்லோவில் ஒரு மழலையர் பள்ளியில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு நாளும் பதினொன்றரைக்கு எட்டுப் பிள்ளைகளைக் கம்பளியால் சுற்றி, எட்டு வண்டிகளில் படுக்க வைத்து, வெளியே சுவரோரமாக வரிசையில் நிறுத்துவது என் கடமை. மழையிலும் அப்படித்தான், பனியிலும் அப்படித்தான். நல்ல காற்று, நல்ல நித்திரை. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை இதைப் பார்த்துக் குளியலறைக்குள் நின்று அழுதிருக்கிறேன். இப்போது புதிதாக வரும் தமிழ்த் தாய்மாருக்கு இதை விளக்குவதும் நான்தான். அங்கே உணவுக்கடைகளின் வாசலில் வண்டிகள் நிற்கும், உள்ளே தாய்மார் கோப்பி குடிப்பார்கள். லியா பிறந்த பிறகு நானும் அப்படியே செய்தேன். பிடித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த ஊர் முறைக்குப் பிழையாக வளர்த்தால் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் ஆட்களிடையே ஒரு பயம் உண்டு. பிள்ளைகளின் நலன் பார்க்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த ஒருவரை எல்லோருக்கும் தெரியும். நேரில் கண்டவர்கள் குறைவு. எனக்கு ஒருநாளும் கடிதம் வந்ததில்லை. ஆனாலும் அந்த ஊரின் நல்ல தாய் எப்படி இருப்பாளோ அப்படி இருந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

எனவே வண்டியைச் சாப்பாட்டுக் கடையின் யன்னலுக்குக் கீழே, நிழலில், சுவரோரமாக நிறுத்தினேன். பிரேக்கை மிதித்தேன். நுளம்பு வலையை இழுத்து மூடினேன். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். பிறகு பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று படியும் ஏறினேன்.

ஜூட் மண்ணீரல் வாங்கினார். அவித்து, பன்றிக் கொழுப்பில் வதக்கி, எள்ளுத் தூவிய உருண்டைப் பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். மன்னாரில் பிறந்தவருக்கு ஆட்டுக் குடல், மண்ணீரல் எதுவும் புதிதல்ல. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். நான் பானெல்லே எடுத்தேன். கடலை மாவைக் கிண்டி ஆறவைத்து, மெல்லியதாக வெட்டிப் பொரித்தது. கடலை வடைக்குத் தூரத்துச் சொந்தம். தேசிக்காய் பிழிந்து, ஒரு கடிக்கு ஒரு தடவை யன்னலால் பார்த்தேன். வண்டி இருந்தது. இன்னொரு கடி. பக்கத்தில் சந்தைக்கு வந்தவர்கள் நின்றார்கள். வண்டி இருந்தது.

அப்போது பெட்டிகள் அடுக்கிய ஒரு சின்ன லொறி வந்து யன்னலை மறைத்து நின்றது. இரண்டு நிமிடம் இருக்கும். யாரோ இறங்கினார்கள், யாரோ சத்தம் போட்டார்கள், லொறி போனது. வண்டி அதே இடத்தில் நின்றது. எனக்கு மூச்சு வந்தது. மேலும் இரண்டு கடி சாப்பிட்டேன். அந்த இரண்டு கடியை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

“நிரோ,” என்றார் ஜூட். “வலை திறந்திருக்கு.”

படிகளில் இறங்கியது எனக்கு நினைவில்லை. வலை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. போர்வை மூலையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. வண்டி வெறுமை. நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று பிறகு ஜூட் சொன்னார். ‘எங்கே அவள்’ என்று, நோர்வேஜிய மொழியில். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த நேரத்தில் தமிழ் வரவில்லை.

தெரு திரும்பிப் பார்த்தது. யாரும் பதறவில்லை. அதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியாலேயே எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.

எதிரே ஒலிவ் காயும் உப்பிட்ட மீனும் விற்கும் கடை. வாசலில் ஒரு நாற்காலி. நாற்காலி நிறைய ஓர் அம்மா, அறுபது வயது இருக்கும். அவருடைய மடியில் லியா, முழித்தபடி, பாண் கரையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து போய்க் கையை நீட்டினேன். அந்த அம்மா தோளைத் திருப்பிப் பிள்ளையை மறைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார். பக்கத்தில் நின்ற கிழவர், முன்னொரு காலம் கப்பலில் வேலை செய்தவராம், உடைந்த ஆங்கிலத்தில் அதை எனக்குச் சொன்னார்: “நீ யார் என்று கேட்கிறாள்.”

“தாய்,” என்றேன். “நான் இவளின் தாய்.”

கிழவர் மொழிபெயர்த்தார். கூடி நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு அல்ல.

“பலேர்மோவில் இருக்கிற தமிழர் எல்லோரையும் எங்களுக்குத் தெரியும்,” என்றார் கிழவர். “எங்கள் பிள்ளைகளையே அவர்கள்தான் வளர்க்கிறார்கள். என் பேரனை ஒரு தமிழ் அம்மாதான் வளர்த்தார். ஒரு நாள், ஒரு நிமிடம், வெளியில் விட்டதில்லை. நீ தமிழச்சி இல்லை.”

அவர் அதோடும் விடவில்லை. விரலை நீட்டி என் நெஞ்சைக் காட்டினார். “பையை உள்ளே கொண்டுபோனாய். பிள்ளையை வெளியே விட்டாய்.”

குனிந்து பார்த்தேன். பை இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி, பத்திரமாக.

“நீர் கதையாதேயும், நான் கதைக்கிறன்,” என்று ஜூட் முன்னால் வந்து பைக்குள் கையை விட்டு லியாவின் பாஸ்போட்டை எடுத்துக் காட்டினார். அது லியா பிறந்து மூன்றாம் கிழமை எடுத்த படம். தலையில் மயிர் இல்லை, கண் அரைவாசி மூடியிருக்கிறது. கடைக்கார அம்மா படத்தைப் பார்த்தார், மடியில் இருந்த சுருட்டை மயிரைப் பார்த்தார், பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் யாரோ பொலிஸ் என்றார்கள். அந்தச் சொல் எல்லா மொழியிலும் ஒன்றுதான். அறிக்கை எழுதுவார்கள், அது ஒஸ்லோவுக்குப் போகும், அங்கிருந்து கடிதம் வரும் என்று மூளை ஓடியது. நாங்கள் செய்தது ஒஸ்லோவில் சரியான செயல் என்று அந்தக் கடிதத்துக்குப் பதிலும் எழுதத் தொடங்கியிருந்தேன்.

ஜூட் மச்சாளுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். இஸ்திரிப் பெட்டியின் ஆவிச் சத்தத்துக்கு நடுவே மச்சாளின் குரல் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் எங்களோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை, நேரே தெருவோடு கதைக்கத் தொடங்கினார். எங்கள் மச்சாளுக்குள் இப்படி ஒரு சிசிலிக்காரி இருப்பதை அன்றுதான் கண்டேன். தெரு முழுக்கப் போனைச் சுற்றிக் குனிந்து கேட்டது. ஓரிடத்தில் எல்லோரும் ஒரேயடியாக மூச்சை இழுத்தார்கள். ஒரு பெண் சிலுவை அடையாளம் போட்டார்.

“மச்சாள், என்ன சொன்னீங்கள்?”

“உண்மையைத்தான் சொன்னனான். இவை நோர்வேயிலையிருந்து வந்தவை, அங்கை பிள்ளையளை வெளியிலைதான் நித்திரையாக்கிறவை, பனிக்குள்ளையும் கிடத்துறவை எண்டு.” இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “அது பிழைச்சுப் போச்சு, நிரோ. நீர் இனி வாயைத் திறவாதையும். நான் சிஞ்ஞோராவிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்.”

போன் நின்றது. “பனியில்!” என்று கிழவர் எனக்கே ஆங்கிலத்தில் சொன்னார், நான் அறியாத செய்தி போல.

கடைக்கார அம்மா லியாவின் பக்கம் குனிந்து, விரலால் என்னைக் காட்டி, ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. நான் கையை நீட்டினேன். “லியாக்குட்டி, அம்மாட்டை வாங்கோ.” என் மகள் என்னைப் பார்த்தாள். பாண் கரையைப் பார்த்தாள். நிதானமாக யோசித்தாள். பிறகு அந்த அம்மாவின் தோளில் சாய்ந்து பாணைத் தொடர்ந்து கடித்தாள்.

பத்தொன்பது மணித்தியாலப் பிரசவம், பதினொரு மாதப் பட்டியல்கள், எல்லாம் ஒரு பாண் கரைக்கு முன்னால் அவ்வளவுதான். தெருவில் யாரும் சிரிக்கவுமில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அப்போது பாண் துண்டு கைநழுவிக் கீழே விழுந்தது. லியா அதைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறகு, வீட்டில் அயலவர்கள் சுவரில் தட்டும் அளவுக்கு அழுவாளே, அந்த அழுகை. மணி ஒன்றே முக்கால். அவளுக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது. அழுகை தொடங்கியதும் என் உடம்பு என்னைக் கேட்காமல் தன் வேலையைச் செய்தது. நெஞ்சு சுரீரென்று இறுகியது. சட்டையின் இரண்டு பக்கமும் ஈரம் பரவியது. கையால் மறைக்கப் பார்த்தேன். பை நடுவில் மட்டுமே மறைத்தது.

கடைக்கார அம்மா அதைக் கண்டார். முதலில் என் சட்டையைப் பார்த்தார், பிறகுதான் முகத்தை. சட்டென்று எழுந்தார். லியாவை என் கையில் வைத்தார். தன் நாற்காலியைக் கடைக்குள் இழுத்து, என்னைத் தோளில் பிடித்து அதில் இருத்தி, பின்னால் வந்த ஆண்களை, கிழவர் உட்பட, ஜூட் உட்பட, துணியை வீசி வெளியே விரட்டினார். ஒலிவ் பீப்பாய்களுக்கும் உப்பிட்ட மீன் தட்டுகளுக்கும் நடுவில், கருவாட்டு மணத்துக்குள், நான் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். பிள்ளை குடித்தது. நான் அழுதேன். அவர் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து என் வாயருகே பிடித்தார், என் இரண்டு கையிலும் பிள்ளை இருந்தபடியால்.

பால் குடித்து முடிந்த நேரம் மச்சாள் வந்து சேர்ந்தார். வேலைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கடைக்கார அம்மாவோடு கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். சண்டை என்று நினைத்தேன். திடீரென்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“நிரோ, இவவுக்கு முதலே எல்லாம் தெரியுமாம்,” என்றார் மச்சாள். “நீங்கள் வண்டிலை விட்டிட்டுப் படியேறினதைப் பாத்துக்கொண்டுதான் இருந்தவவாம். வெயில் திரும்பினதும் வண்டிலுக்குப் பக்கத்திலை போய் நிண்டவவாம், நிழல் விழட்டும் எண்டு. கால் உளைஞ்சதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டா.”

“அப்ப ஏன் என்னை ஆர் எண்டு கேட்டவ?”

“கேட்டால்தானே நீர் மறக்க மாட்டீர்.”

“பொலிஸ் எண்டினம்?”

“பொலிஸ் எதுக்கு? இவ்வளவு பேர் இருக்கினமே.”

எனக்குக் கோபம் வந்தது. ஒரு தாயை இப்படிப் பயமுறுத்த உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்பதற்கு, நோர்வேஜிய மொழியில் நல்ல இலக்கணத்தோடு ஒரு வசனமே தயாராக இருந்தது. அதே நேரம் இன்னொன்றும் தோன்றியது. இத்தனை வருடமாக நான் பயந்த அலுவலகம் இந்தத் தெருவில் ஒரு நாற்காலிதான். முறைப்பாடு, விசாரணை, சாட்சி, தீர்ப்பு, எல்லாம் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது. கடிதம் ஒன்றும் வராது. அது நல்லதா என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.

வெளியே ஜூட்டைச் சுற்றி நான்கு ஆண்கள் நின்றார்கள். பிள்ளையை எப்படித் தூக்க வேண்டும் என்று கிழவர் ஒரு பாண் உருளையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஜூட் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறந்தபடி.

சட்டையைக் கழுவ வேண்டும். முகத்தையும். கழுவும் இடம் எதிரே, அந்த மூன்று படிக்கு மேலே. நான் எழுந்ததும் மச்சாள் கையை நீட்டினார். வாசலில் ஜூட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கடைக்கார அம்மா எதையும் நீட்டவில்லை. ஒலிவ் காய்களைக் கரண்டியால் கிளறிக்கொண்டு, எங்கள் பக்கம் பாராதவர் போல நின்றார்.

லியாவை அவரிடம்தான் கொடுத்தேன்.

மச்சாளுக்கு ஆச்சரியம், எனக்கும்தான். அந்த அம்மா கையைத் துடைத்துப் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்தார். பிறகு என் முகத்துக்கு நேரே ஐந்து விரலை விரித்துக் காட்டினார்.

ஐந்து நிமிடம். படியேறி, முகம் கழுவி, சட்டையைப் பிழிந்து, தட்டில் ஆறிக் கிடந்த பானெல்லேயை நின்றபடியே தின்றேன். யன்னலால் ஒரு தடவையும் பார்க்கவில்லை. திரும்பி வர ஆறு நிமிடமாகிவிட்டது. அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு லியாவைப் பார்த்தார். லியாவும் அவரைப் பார்த்தாள். கொடுக்கலாம் என்று இருவரும் தீர்மானித்த பிறகே பிள்ளை என் கைக்கு வந்தது.